பாவம் இல்லாத விடுமுறை

மானுட வரலாற்றில் பெரிய முடிவுகளை எடுத்த ஒவ்வொருவரும் அதற்கு முன்னால் கடற்கரையில் தனியாக நின்று தொடுவானத்தை நெடுநேரம் பார்த்திருக்கிறார்கள். அலைகளின் முன்னால் அகந்தை கரைகிறது. ஆன்மா விரிகிறது. தான் யார் என்பது மனிதனுக்கு அங்கேதான் விளங்குகிறது. மேனேஜரும் அப்படித்தான் நின்றார். ஆனால் தொடுவானம் தெரியவில்லை. நடுவில் ஒரு மதில் இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் ரிசார்ட். அதற்கும் அப்பால் கடல். மதிலுக்கு இந்தப் பக்கம் லாட்ஜின் கொடி. கொடியில் மேனேஜரின் பனியன்.

அவரை மேனேஜர் என்று கூப்பிடுவது உறவினர்களின் பழக்கதோஷம். அவர் மேனேஜராக இருந்த மெத்தைக் கடையை மூடிப் பல மாதங்கள் ஆகிவிட்டன. திறந்திருந்த காலத்திலும் அவர் மேனேஜ் செய்தது ஒரு விற்பனைப் பெண்ணையும் ஒரு மேஜை விசிறியையும்தான். இரண்டில் விசிறிதான் சொன்ன பேச்சைக் கேட்கும். கடைப் பலகையைக் கழற்றிய ஆட்கள் பட்டத்தைக் கழற்ற மறந்துவிட்டதால் அது அவரிடமே தங்கிவிட்டது.

வேலை இல்லாதவர் கடற்கரை ஊருக்கு ஓய்வெடுக்க வந்தது எதற்காக என்று கேட்கலாம். காரணம் ஒரு வார்த்தை. அந்த வார்த்தை அவர் மனைவியின் அக்காவிடம் இருந்தது.

அக்கா கெட்டவள் அல்ல. கெட்டவளாக இருந்தால் சமாளித்திருக்கலாம். அவள் இரக்கமுள்ளவள். மற்றவர்கள் பேச்சில் முற்றுப்புள்ளி வைக்கும் இடங்களில் அவள் 'பாவம்' வைப்பாள். நொண்டும் நாய் பாவம், தோற்ற கட்சி பாவம், ஜெயித்த கட்சியும் ஒருவகையில் பாவம். ஆனால் நாயையும் கட்சியையும் எப்போதாவதுதான் பார்ப்பாள். தங்கையை அடிக்கடி பார்ப்பாள். கடைசியாக ஒரு குடும்ப விசேஷத்தில், உறவு ஜனம் மொத்தமும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தான் கட்டிக் கழித்த புடவைகளை ஒரு பெரிய பையில் போட்டுத் தங்கை கையில் கொடுத்து, "கட்டிக்கோடி. பாவம், நீ எங்க போய் எடுக்கப் போற" என்றாள். பந்தியில் இருந்த அத்தனை தலைகளும் ஒருமுறை திரும்பி, பாவத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி சாப்பாட்டுக்குத் திரும்பின.

வீட்டுக்கு வந்து மனைவி பாத்திரம் கழுவினாள். கழுவி முடித்த பாத்திரங்களையே மறுபடியும் கழுவினாள். மேனேஜரால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு, கிளை திறப்பு விழாவில் பேசும் குரலில், "நாம கடலுக்குப் போறோம்" என்று அறிவித்தார்.

"எனக்குக் கடலெல்லாம் வேண்டாங்க" என்றாள் மனைவி, திரும்பிப் பார்க்காமல். "ஒரு நாலு நாள் அவ வாயால என்னப் பாவம்னு சொல்லாம இருக்கணும். அவ்வளவுதான் எனக்கு."

"அதுக்குத்தான் கடல்" என்றார் மேனேஜர்.

சீசன் இல்லாத மாதம். இருக்கிற அறைகளிலேயே மலிவான அறை. விளம்பரத்தில் 'கடல் பார்த்த அறை' என்று போட்டிருந்தது. வந்து இறங்கி ஜன்னலைத் திறந்தால் மதில். லாட்ஜ் நடத்தும் அம்மாளிடம் மேனேஜர் நியாயம் கேட்டார்.

"கடல் எங்கம்மா?"

"கடல் பார்த்த ரூம்தான் சார் இது" என்று அந்த அம்மாள் சுவரில் முழங்கால் உயரத்தில் ஓடிய பழுப்புக் கோட்டைக் காட்டினாள். "பெரிய அலை அடிச்சப்ப கடல் உள்ள வந்து எல்லாத்தையும் பார்த்துட்டுத்தான் போச்சு. இந்த வரிசையில வேற எந்த ரூமையும் இவ்வளவு கிட்டப் பார்க்கல."

"குழாயில தண்ணி வரலையே?"

"வரும் சார். எதுக்கு அவசரம்? ஓய்வெடுக்கத்தான வந்தீங்க?"

அந்த ஊரில் எல்லோரும் இதையே சொன்னார்கள். ஓய்வு அங்கே கடுமையான தொழில். கடைக் கதவுகளில் 'திறந்திருக்கும்போது திறந்திருக்கும்' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். மரத்துக்கு மரம் வலைத்தொட்டில் கட்டி, அதில் ஆட்கள் தடித்த புத்தகத்தை மார்பில் கவிழ்த்துக்கொண்டு, ஓய்வாக இருக்கிறோமா என்று ஒரு கண்ணைத் திறந்து பார்த்தபடி கிடந்தார்கள். மூச்சு விடக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் ஒருவர், மூச்சு விடாமல் ஃபோனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். மேனேஜரும் மனைவியும் கொண்டுவந்த மின்சாரக் கெட்டிலில் காலையில் முட்டை அவித்தார்கள், மதியம் நூடுல்ஸ் வேகவைத்தார்கள், மாலையில் அதிலேயே டீ போட்டார்கள். டீயில் முட்டை வாசமும் முட்டையில் டீ வாசமும் வந்தன. நூடுல்ஸில் இரண்டும் வந்தன.

ஆனால் முதல் நாளே ஒரு பெரிய காரியம் நடந்தது. இருவரும் ரிசார்ட்டின் வாசலில், பித்தளை எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார்கள். பொய் எதுவும் சொல்லவில்லை. நின்றார்கள், சிரித்தார்கள். பலகையில் என்ன எழுதியிருந்தது என்பது பலகையின் பொறுப்பு. படத்தின் கீழே மேனேஜர் 'ஓய்வு' என்று ஒரே சொல்லைத் தட்டினார். அக்கா உடனே பதில் போட்டாள்: 'சூப்பர்டி.' பின்னால் ஒன்றும் இல்லை. அந்த வார்த்தை இல்லை. மனைவி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். கட்டிலில் உட்கார்ந்து, கால்களைத் தொங்கவிட்டு ஆட்டினாள். கல்யாணமான புதிதில் அப்படி ஆட்டுவாள்.

மறுநாள் மாலை அக்காவின் கணவரிடமிருந்து ஃபோன் வந்தது. அவர் கான்ட்ராக்டர். ரோடு போடுகிறவர். பேசும்போதும் ரோடு போடுவதுபோல் எதிரில் இருப்பதையெல்லாம் சமன் செய்துகொண்டே போவார். மேனேஜர் ஃபோனுடன் குளியலறைக்குள் ஓடி, அலைச் சத்தத்துக்காகக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டார்.

"என்ன சகலை, கடல் இப்படி இரையுது! ரூமுக்குள்ளயே வந்துருச்சா?"

"கிட்டத்தட்ட, சகலை."

"அனுபவிங்க, அனுபவிங்க. எங்களுக்கெல்லாம் எங்க நேரம்? நான் போட்ட ரோட்டையே நான் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

வெளியே லாட்ஜ் அம்மாள் கதவைத் தட்டினாள். "சார்! தண்ணி வீணாவுது சார்!"

"யாரு சகலை அது?"

"ரூம் சர்வீஸ்."

"பார்ரா! சரி சகலை... வரேன்."

லைன் துண்டானது. மேனேஜர் குழாயை மூடினார். வெளியே வந்தபோது முகத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"என்ன சொன்னாரு?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. வரேன்னு சொல்லிட்டு வெச்சுட்டாரு."

"வரேன்னா சொன்னாரு?"

"ஆமா."

"எங்க வராரு?"

மேனேஜர் சிரித்தார். அறியாமையைக் கண்ட மேலதிகாரியின் சிரிப்பு. "வரேன்னா போறேன்னு அர்த்தம். நம்ம பாஷையில போறவன் எவனாவது போறேன்னு சொல்வானா? வரேன்னு சொன்னாத்தான் மரியாதை."

"அது வாசல்ல நின்னு செருப்பு மாட்டும்போதுங்க. ஃபோன்ல யாராவது வரேன்னு சொல்வாங்களா? வெச்சிடறேன்னுதான சொல்லணும்?"

மேனேஜரின் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

தமிழ் ஒரு தொன்மையான மொழி. கிளம்பும் ஆள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவதில் உள்ள பண்பாட்டைப் பற்றி மேடைகளில் மணிக்கணக்கில் பேசியிருக்கிறார்கள். அந்த மேடைகளில் ஒருவராவது, ஒரு சகலை அதை ஃபோனில் சொன்னால் படுக்கை விரிப்பை மாற்ற வேண்டுமா வேண்டாமா என்று சொல்லிவைக்கவில்லை.

"'சரி'க்கும் 'வரேன்'க்கும் நடுவுல மூச்சு விட்டாரா?" என்றாள் மனைவி.

"விட்ட மாதிரிதான் இருந்துச்சு."

"மூச்சு விட்டா வராருங்க. விடாம சொல்லியிருந்தா வெக்கறாருன்னு அர்த்தம்."

"குண்டா இருக்காரு, சும்மாவே மூச்சு விடுவாரு."

"நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"அதுக்குள்ள வெச்சுட்டாரே!"

மனைவி எழுந்து அறைக்குள் நடந்தாள். அது நடப்பதற்குக் கட்டிய அறை அல்ல. கட்டிலைச் சுற்றித் திரும்பும்போதெல்லாம் இடுப்பில் இடித்துக்கொண்டாள். வந்தால் அக்காவும் வருவாள். வந்தால் பழுப்புக் கோட்டைப் பார்ப்பாள். கெட்டிலைப் பார்ப்பாள். பார்த்துவிட்டுத் தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பாள். அந்த வார்த்தை வருவதற்கு முன்னால் தலை சாயும். அதற்குப் பிறகு, பலகைக்குப் பக்கத்தில் நின்ற கதை எல்லா விசேஷத்துக்கும் வரும், பந்தி பந்தியாக.

"நானே அக்காவுக்குப் பேசிப் பார்க்கறேன். நேரா கேட்க மாட்டேன். சும்மா கேக்கற மாதிரி" என்றாள்.

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னக்கா பண்ற?"

"என்னத்தப் பண்றேன், துணியெல்லாம் எடுத்து வெச்சுக்கிட்டு இருக்கேன்."

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். காய்ந்த துணியை அலமாரியில் எடுத்து வைக்கலாம். ஊருக்குப் போகப் பெட்டியிலும் எடுத்து வைக்கலாம்.

"எங்க... எங்கக்கா எடுத்து வெக்கற?"

"எங்க வெப்பாங்க? வெக்கற எடத்துலதான். என்னடி கேள்வி இது? குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? வெயில்ல அலைஞ்சியா? பா—"

மனைவி சட்டென்று ஃபோனை அணைத்தாள். அணைத்த ஃபோனை நெஞ்சில் அழுத்திக்கொண்டாள்.

"சொல்ல வந்துட்டா" என்றாள்.

"பா-ன்னுதான ஆரம்பிச்சாங்க? 'பார்த்து இருடி'ன்னு சொல்ல வந்திருக்கலாம்" என்றார் மேனேஜர். இருவருமே அதை நம்பவில்லை.

தூங்காமல் விடிந்த மறுநாள் காலையில் மேனேஜர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். வாடிக்கையாளரிடம் நேரடியாகப் பேசிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று அவர் கடையில் எழுதி ஒட்டியிருந்தார். கடை மூடியதற்கும் அந்த வாசகத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அவருக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. சகலையைக் கூப்பிட்டார்.

"சகலை, நேத்து நீங்க ஃபோன்ல... வரேன்னு சொன்னீங்களே..."



"நானா? ம்... ஆமா, சொன்னேன். ஏன் சகலை?"

"இல்ல, அது... அதான்..."

"அட, சகலை!" கான்ட்ராக்டரின் குரல் தழுதழுத்துவிட்டது. "நான் சும்மா வாய் வார்த்தைக்குச் சொன்னேன். அதப் புடிச்சுக்கிட்டு காலங்காத்தால கூப்பிட்டு, வரேன்னீங்களே, ஏன் வரலைன்னு கேக்கறீங்களே, இந்த மனசு யாருக்கு வரும்? ஏய், இங்க வா! உன் தங்கச்சி வீட்டுக்காரர் எவ்வளவு ஆசையாக் கூப்பிடறாரு பாரு! கிளம்பு!"

"இல்ல சகலை, நான் என்ன சொல்ல வந்தேன்னா—"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். எல்லாம் புரியுது. மத்தியானத்துக்குள்ள அங்க இருப்போம்."

மேனேஜர் திரும்பினார். மனைவி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கால்கள் ஆடவில்லை.

"வரலைன்னு இருந்தவங்கள" என்றாள் மெதுவாக, "நீங்களே கூப்பிட்டு வரவெச்சுட்டீங்க."

மேனேஜர் பேருந்து நிலையத்துக்கு ஓடினார். அவர்கள் வருவதற்குள் ஊரை விட்டே போய்விட்டால், அவசர வேலை என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம். ஒரே ஒரு பேருந்து நின்றது. ஓட்டுநர் இரண்டு கம்பிகளுக்கு நடுவே தொட்டில் கட்டிப் படுத்திருந்தார்.

"வண்டி எப்ப கிளம்பும்?"

"ஆள் சேர்ந்தா கிளம்பும் சார்."

"எப்ப ஆள் சேரும்?"

"இந்த ஊரை விட்டுப் போக யாருக்கு சார் மனசு வரும்? நாளைக்குப் பார்க்கலாம். எதுக்கு அவசரம்?"

திரும்பி வந்தபோது மனைவி தரையில் உட்கார்ந்து எதையோ கிழித்துக்கொண்டிருந்தாள். ரிசார்ட்டில் தங்குகிறவர்கள் மணிக்கட்டில் நீலத் துணிப் பட்டை கட்டியிருப்பதை அவள் துணி காயப்போடும்போது மதில் இடுக்கு வழியாகக் கவனித்திருந்தாள். பட்டை கட்டியிருந்தால் காவலாளி கதவைத் திறப்பான். அவளிடம் இருந்த துணிகளிலேயே நீலம் ஒன்றுதான்: அக்கா கொடுத்த புடவையின் கரை.

"லாபில உக்கார்ந்து பேசி, அப்படியே அனுப்பிடுவோம்" என்றாள். "ரூமுக்கு விசிட்டர்ஸ் வரக்கூடாதுன்னு ரூல் இருக்குன்னு சொல்லுங்க. உங்களுக்கு அந்த மாதிரி பேச வரும்."

அது பாராட்டா என்று யோசிக்க மேனேஜருக்கு நேரம் இல்லை. கையை நீட்டினார். அவள் முடிச்சுப் போட்டாள். "எல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்றார். இந்த வாக்கியத்தை அவர் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிவருகிறார்.

ரிசார்ட் வாசலில் மேனேஜர் உலகத்தையே குத்தகைக்கு எடுத்தவர்போல் நடந்தார். காவலாளி அவர் நடையைப் பார்க்கவில்லை. மணிக்கட்டைப் பார்த்தான், கதவைத் திறந்தான். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. எங்கோ ஒரு செயற்கை ஓடை சலசலத்தது. சோபாவில் உட்கார்ந்ததும் மேனேஜரின் கட்டைவிரல் தொழில் பழக்கத்தில் மெத்தையை ஒருமுறை அழுத்திப் பார்த்தது.

"ரிலாக்ஸா உக்காருங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு மனைவி சொன்னாள்.

"ரிலாக்ஸாதான் இருக்கேன்."

"அப்ப மூஞ்சிய ஏன் அப்படி வெச்சிருக்கீங்க?"

"அதான் ரிலாக்ஸ்."

சிப்பந்தி ஒருவர் தட்டில் குளிர்பானம் கொண்டுவந்தார். பில் வரும் என்ற பயத்தில் மேனேஜர், "இப்பதான் குடிச்சோம், வயிறு ஃபுல்" என்றார். அது எல்லா விருந்தினருக்கும் இலவசம் என்பது, தட்டு திரும்பிப் போன பிறகு பக்கத்து சோபாவைப் பார்த்துத் தெரிந்தது.

கான்ட்ராக்டர் உள்ளே வந்தார். பின்னால் அக்கா. அக்காவுக்குப் பின்னால் சக்கரம் வைத்த பெட்டி. பெட்டியைப் பார்த்ததும் மனைவி கணவனின் முழங்கையைப் பிடித்தாள்.

"சகலை!" கான்ட்ராக்டர் கட்டிப்பிடித்தார். "இவ்வளவு தூரம் வந்துட்டு உடனே திரும்பறதா? ஒரு நாள் தங்கிடலாம்னு பெட்டியோட வந்துட்டோம். எல்லாம் நீங்க கூப்பிட்டதுதான்." அப்படியே கவுன்ட்டருக்குத் திரும்பி, "தம்பி, எங்க சகலை ரூமுக்குப் பக்கத்து ரூமாப் பார்த்துப் போடுங்க" என்றார்.

வரவேற்பாளர் புன்னகைத்தார். "சார் எந்த ரூம்ல தங்கியிருக்கீங்க?"

எல்லோரும் மேனேஜரைப் பார்த்தார்கள்.

"ரூம்... ரூம் இப்ப மாத்திக்கிட்டு இருக்காங்க" என்றார் மேனேஜர். "மெத்தை சரியில்ல. நான்தான் கம்ப்ளெயின்ட் பண்ணேன். நடுவுல குழி விழுது. நாம குடுக்கற காசுக்கு ஒரு தரம் வேண்டாமா?"

வரவேற்பாளரின் புன்னகை மறைந்தது. அவர் பதறிவிட்டார். "ரொம்ப சாரி சார். எந்த ரூம்னு சொல்லுங்க, இப்பவே மெத்தைய மாத்தச் சொல்றேன். மேலதிகாரியையும் கூப்பிடறேன்."

"வேண்டாம், வேண்டாம். நான் மன்னிச்சுட்டேன்."

இதற்குள் அக்கா தங்கையின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது என்னடி கையில? எங்கேயோ பார்த்த கரையா இருக்கே. நான் உனக்குக் குடுத்தேன்ல, அந்தப் புடவை மாதிரியே..."

"அது இங்க எல்லாருக்கும் கட்டற பேண்ட் அண்ணி" என்றார் மேனேஜர்.

"எங்களுது ரப்பர் பக்கிள் வெச்சது சார்" என்றார் வரவேற்பாளர், குழப்பத்துடன். அவருக்கு யாரையும் மாட்டிவிடும் எண்ணம் இல்லை.

ஓடை சலசலத்தது. மேனேஜர் வாயைத் திறந்தார். விதிமுறை, தரம், பாதுகாப்பு, பிரைவசி என்று கனமான சொற்கள் எல்லாம் நாக்கு நுனிவரை வந்து வரிசையில் நின்றன. ஒன்றும் வெளியே வரவில்லை.

"நாங்க இங்க தங்கலக்கா" என்றாள் மனைவி. "பின்னாடி லாட்ஜ்ல இருக்கோம். படத்துல சும்மா வாசல்ல நின்னோம்."

அக்காவின் தலை மெல்ல ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது.

"அக்கா, சொல்லாத" என்றாள் தங்கை. குரல் கிறீச்சிட்டது. "உன் கால்ல வேணா விழறேன். அந்த வார்த்தைய மட்டும் சொல்லிடாத."

தலை பாதிச் சாய்வில் நின்றது. "எந்த வார்த்தைடி?"

"அதான். எப்பவும் சொல்லுவியே."

"நான் என்ன சொல்லுவேன்? என்னங்க, நான் என்ன சொல்லுவேன்?"

கான்ட்ராக்டருக்கும் தெரியவில்லை. அக்காவுக்கு உண்மையாகவே தெரியவில்லை. நாம் மூச்சு விடும் சத்தம் நமக்குக் கேட்பதில்லை. கடைசியில், வரவேற்பாளரும் சிப்பந்தியும் பெட்டி தூக்கும் ஆளும் பார்த்துக்கொண்டிருக்க, தங்கையே சொல்ல வேண்டியதாயிற்று.

"பாவம்னு."

"நானா?" அக்கா நெஞ்சில் கைவைத்தாள். கண்களில் நீர் முட்டிவிட்டது. "நான் எப்படி உன்னப் பாவம்னு சொன்னேன்? ஒரு நாள் சொல்லியிருப்பேனா?" கணவர் பக்கம் திரும்பினாள். "வெயில்ல சுத்தி இவளுக்கு என்னமோ ஆயிடுச்சுங்க, பாவம்."

தங்கை சிரித்தாள். அது அழுகையாக மாறுவதற்குள் அடக்கிக்கொண்டாள்.

கான்ட்ராக்டர் வழக்கம்போல் சமன் செய்யும் வேலையில் இறங்கினார். "விடுங்க, விடுங்க. இதுல என்ன இருக்கு? தம்பி, ரெண்டு ரூமாப் போடுங்க. சகலை, என் செலவு. போய்ப் பெட்டிய எடுத்துட்டு வாங்க."

"வேண்டாம் அத்தான்" என்றாள் மனைவி. "எங்களுக்கு ரூம் இருக்கு."

மேனேஜரின் கட்டைவிரல் சோபாவிலிருந்து மெதுவாகப் பிரிந்தது. இருவரும் வெளியே வந்தார்கள். காவலாளி மணிக்கட்டுகளைப் பார்த்து சல்யூட் அடித்தான்.

அறையில் மனைவி அழவில்லை. கெட்டிலில் தண்ணீர் ஊற்றினாள். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து வறுவல் வாசனையும், யாரோ குளத்தில் குதிக்கும் சத்தமும் வந்தன. கடல் சத்தமும் வந்தது. ஆனால் குளியலறைக் குழாய் அளவுக்கு நன்றாக இல்லை.

"எனக்கு அவ மேல கோவமே இல்லைங்க" என்றாள். "அவ சொல்லும்போதெல்லாம் நான் அப்படியே ஆயிடறேன். நல்லாத்தான் இருப்பேன். அவ சொன்ன உடனே என் கையே எனக்குச் சின்னதாத் தெரியும். அதுக்குத்தான் பயந்தேன். வேற ஒண்ணுமில்ல."

மேனேஜருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது அவர் பேசாமல் இருந்தது அதுதான் முதல்முறை.

"இனிமே மறைக்க ஒண்ணுமில்ல" என்றாள். "ஆனா அவங்க தயவுல ஒண்ணும் வேண்டாம். நாளைக்குக் கிளம்பற வரைக்கும் அவங்க ஒரு டம்ளர் தண்ணி குடுத்தாக்கூடக் குடிக்கக் கூடாது. அதாச்சும் நமக்கு மிஞ்சட்டும்."

"குடிக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. அவங்க தண்ணிய நான் தொட மாட்டேன்." மேனேஜரின் குரலில் இத்தனை வருடங்களில் இல்லாத ஓர் உறுதி இருந்தது. மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். நூடுல்ஸில் அன்று முட்டை வாசம் குறைவாக இருந்தது. அவர் தோளில் தலை வைத்து, அந்தக் குழி விழுந்த மெத்தையில், அவள் அசந்து தூங்கினாள்.

காலையில் அவள் எழுவதற்கு முன் மேனேஜர் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போனார். கடைசியில் தொடுவானம் தெரிந்தது. தன் வாழ்க்கையைப் பற்றி ஆழமாகச் சிந்திக்கும் நோக்கத்துடன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சிந்தனை தொடங்குவதற்குள், ரிசார்ட்டின் கயிற்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "சகலை!" என்று குரல் கேட்டது.

கான்ட்ராக்டர் அரைக்கால் சட்டையில் நின்றார். "தங்கச்சி எப்படி இருக்கு?"

"தூங்கறா."

"உங்க அண்ணி ராத்திரி பூரா அழுதுகிட்டே இருந்தா சகலை. கூடப் பிறந்தவ நம்மள அப்படிக் கேட்டுட்டாளேன்னு. இப்பதான் கண்ண மூடியிருக்கா. எழுப்பினா மறுபடி அழுவா. ரெண்டு பேர் டிபன் ரூமோட சேர்த்தது. அவ பங்கு அப்படியே வீணாப் போகுது. வாங்க, எனக்குத் தனியாச் சாப்பிட்டா இறங்காது."

மேனேஜர் யோசித்தார். ஒருவர் கொடுத்தால்தான் தயவு. வீணாகப் போவதை யாரும் கொடுப்பதில்லை. அதோடு, அழுதுவிட்டுத் தூங்கும் மனைவியை உடைய ஒரு மனிதரைத் தனியாக விட்டுப் போவது குடும்பப் பண்பாடு ஆகாது. சத்தியம் செய்தது தண்ணீரைப் பற்றி மட்டுமே. அந்தச் சொல்லில் அவர் மிகத் தெளிவாக இருந்தார். சத்தியத்தை மீறும் ஆள் அவர் அல்ல. குனிந்து கயிற்றைத் தாண்டினார்.

நீளமான மேஜைகளில், மூடி போட்ட பாத்திரங்கள் அந்தக் கோடிவரை வரிசையாக இருந்தன. வெட்டிய பழங்கள் தனியாக ஒரு மேஜையில் இருந்தன. சிப்பந்தி கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்ற வந்தபோது மேனேஜர் டம்ளரைக் கையால் மூடி, "தண்ணி வேண்டாம். நான் ஒருத்தங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்" என்றார். கான்ட்ராக்டர் மரியாதையுடன் தலையசைத்தார்.

மேனேஜர் மூன்று முறை எழுந்துபோய்த் தட்டை நிரப்பிக்கொண்டார். மூன்றாவது தட்டில் விக்கல் எடுத்ததால் ஆரஞ்சு ஜூஸ் குடித்தார்.